ஆபரேட்டர் சீட்டிலிருந்து வீடியோ: எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது

நான் ஹிட்டாச்சி ஓட்டுகிறேன். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் எங்கள் பக்கம் செயின் வண்டி என்றால் ஹிட்டாச்சி, டயர் வண்டி என்றால் ஜேசிபி. கிணறு வெட்டு, கண்மாயில் வண்டல் அள்ளுவது, பாறை உடைப்பு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். புதிதாக வண்டி பழக வரும் தம்பிகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயங்கள் நிறைய. பக்கெட் பல் மண்ணுக்குள் எந்தச் சாய்வில் இறங்க வேண்டும், பக்கெட் மாட்டிய ஆர்மை இழுக்கும்போதே, வண்டியோடு சேர்ந்த பெரிய கையான பூமை எவ்வளவு தூக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நிமிட வீடியோ காட்டிவிடும். அதற்காகத்தான் சீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்க ஆரம்பித்தேன். எடுத்ததில் பாதி வீணாய்ப் போனது. எது ஏன் வீணாகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து எழுதி வைத்தவை இவை. உங்கள் வீடியோவில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். கேமராவைத் தொட வேண்டுமென்றால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டு, இடது பக்கம் இருக்கும் சேஃப்டி லாக் லீவரைப் போட்டுவிட்டுத் தொடுங்கள். கேமரா பட்டனை எட்டிப் பிடிக்கும்போது முழங்கை லீவரில் பட்டால் இருபது டன் வண்டி அப்படியே திரும்பும். கீழே மண் அளக்க நிற்பவருக்கு நகர நேரமே இருக்காது.

படம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிகிறது

எல்லோருக்கும் முதலில் வரும் கோளாறு இதுதான். நேராக இருக்க வேண்டிய கேபின் தூண் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து தெரியும். கேமராவின் சென்சார் ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் கேமரா அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். நெளிவு அப்படித்தான் வருகிறது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது முழுதாகப் போகாது. அதிர்வு கேமராவுக்குப் போகாமல் தடுப்பதுதான் உண்மையான வழி.

எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்கப் பாதி தண்ணீர் உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். வண்டியை வேலை வேகத்தில் ஓடவிட்டு, பாட்டிலை முன் கண்ணாடியில் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் மேற்பரப்பு கொதிக்கிற மாதிரி பொடிப்பொடியாகத் துள்ளும். கண்ணாடி ஒரு மேளத் தோல் போல. உறிஞ்சிப் பிடிக்கிற மவுண்டை அதில் ஒட்டினால் மேளத்தின் மேல் கேமராவை வைத்த மாதிரிதான். அடுத்து கேபின் தூணில் வைத்துப் பாருங்கள், நெருக்கமான சிறு வளையங்கள் தெரியும். சீட்டின் முதுகுப் பக்கம் வைத்தால் மெதுவாக அலை அடிக்கும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ இருப்பதால் வரும் வித்தியாசம் அது. உங்கள் நெஞ்சில் வைத்தால் ஏறக்குறைய அசையவே அசையாது. மனுஷ உடம்பை மிஞ்சிய ஷாக் அப்சார்பர் கேபினுக்குள் கிடையாது.

அதனால் தலைப்பட்டையிலோ நெஞ்சுப்பட்டையிலோ மாட்டினால் நெளிவு பெரும்பாலும் தீர்ந்துவிடும். வண்டியில்தான் மாட்ட வேண்டும் என்றால் கைப்பிடிக் கம்பியிலோ தூணிலோ இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, இடையில் சைக்கிள் டியூப்பை இரண்டு மடிப்பாக வெட்டி வையுங்கள். கேமரா நீட்டிக்கொண்டு நிற்கும் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மூட்டு மேல் மூட்டாக மூன்று இணைப்பு போட்டால் மூன்றும் தனித்தனியாக ஆடும். தூணில் மட்டும் துளை போடாதீர்கள், வெல்டும் வைக்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஆபரேட்டரை நசுங்காமல் காப்பது அந்தக் கூண்டுதான்.

அப்புறமும் நெளிகிறதா? எஞ்சின் வேகத்தை மாற்றும் திராட்டில் டயலை ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சில மவுண்டுகள் குறிப்பிட்ட ஒரு எஞ்சின் வேகத்தில் மட்டும் பேயாட்டம் ஆடும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும். இன்னொன்று, வெயிலில் கேமரா தானாகவே ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரத்தை, 1/2000 நொடி அளவுக்குக் கொண்டுபோய்விடும். அப்போது ஒவ்வொரு நெளிவும் கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாகப் பதியும். லென்ஸ் முன்னால் என்.டி. 16 ஃபில்டர் போட்டால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகி ஷட்டர் 1/125 பக்கம் இறங்கும். நெளிவு அப்போதும் இருக்கும், ஆனால் மங்கலில் கரைந்து கண்ணை உறுத்தாது.

பிரேக்கர் போட்டுப் பாறை உடைக்கும்போது தலைப்பட்டை தவிர மேலே சொன்ன எதுவும் முழுதாக உதவாது. அதற்குத் தலையில் மாட்டுவது ஒன்றுதான் வழி.

வண்டி திரும்பும்போது கேபின் மிதக்கிறது, நின்றதும் படம் வெட்டி இழுக்கிறது

ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் செய்யும் வேலை இது. கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ, தான் திரும்புவதை உணர்ந்து, அதை ஆட்டம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் சரிக்கட்டுகிறது. வண்டி குழியிலிருந்து டிப்பர் பக்கம் 90 டிகிரி திரும்பும்போது, படத்தில் வெளியுலகம் கொஞ்ச நேரம் நிற்க, கேபின் மட்டும் நழுவிப் போகும். வண்டி நின்ற பிறகு படம் ஓடிவந்து சேரும். பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும்.

கேமரா கேபினில் இறுக்கமாக மாட்டியிருந்தால் ஸ்டெபிலைசேஷனை முழுதாக அணைத்துவிடுங்கள். தலையிலோ நெஞ்சிலோ இருந்தால் இருப்பதிலேயே குறைந்த அளவு போதும். அடிவானத்தை மட்டமாகப் பிடித்துவைக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. அதையும் அணையுங்கள் என்பேன். கரைச் சரிவில் வண்டி சாய்ந்து நிற்பது ஆபரேட்டரின் உடம்புக்குத் தெரிகிறது. பார்ப்பவருக்கும் அது தெரிய வேண்டும். மட்டமாக்கிக் காட்டினால், அந்தச் சரிவில் பக்கெட்டை ஏன் அவ்வளவு தாழ்வாக வைத்துத் திரும்புகிறோம் என்பது பழக வரும் பையனுக்கு எப்படிப் புரியும்?

ஜேசிபிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பின்பக்கக் கால்களை ஊன்றித் தோண்டும்போது கேபின் திரும்பாது, பூம் மட்டும்தான் இடம் வலம் போகும். உங்களுக்கு வேறு பிரச்சினை. தோண்ட சீட்டைப் பின்னால் திருப்புவீர்கள், லோடு அள்ள முன்னால் திருப்புவீர்கள். தூணில் மாட்டிய கேமரா ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும். நெஞ்சுப்பட்டை போட்டால் கேமராவும் உங்களோடு திரும்பும்.

பக்கெட் எங்கோ தூரத்தில் பொம்மை மாதிரி தெரிகிறது

கேமரா அகலக் கோணத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பதைச் சின்னதாக்கி, ஓரத்தில் இருக்கும் உங்கள் முழங்காலைப் பெரிதாக்கும். நேர்க்கோடுகளை வளைக்காத லீனியர் கோணத்துக்கு மாற்றுங்கள். பக்கெட் தன் அளவுக்கு வரும்.

கோணத்தை மாற்றியும் பக்கெட் தெரியவில்லை என்றால் மாட்டிய இடத்தில்தான் தப்பு. ஹிட்டாச்சியில் ஆபரேட்டர் பூமுக்கு இடப்பக்கம் உட்காருகிறார். வலது பக்கம் முழுக்க பூம் மறைக்கும். கேமராவை வலது நெற்றியில் வைத்தால் பாதி படம் மஞ்சள் இரும்புதான். இடது நெற்றிக்கு மாற்றுங்கள், அந்த நாலு அங்குலத்தில் பூமுக்கு அந்தப் பக்கம் பல் வரிசை திறந்து தெரியும். குழி ஆழமாகப் போகும்போது நாம் அறியாமலே முன்னால் குனிந்து எட்டிப் பார்ப்போம். தலைக் கேமரா அதையும் சேர்த்துப் பிடிக்கும், சீட்டில் மாட்டிய கேமரா பிடிக்காது.

நெஞ்சுக் கேமரா கைகளையும் லீவரையும் அழகாகக் காட்டும். பெரும்பாலான ஹிட்டாச்சிகளில் இடது லீவர் திருப்பவும் ஆர்முக்கும், வலது லீவர் பூமுக்கும் பக்கெட்டுக்கும். இரண்டு மணிக்கட்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் சாய்வதைப் பார்த்தால்தான் தொழில் என்னவென்று தெரியும். ஆனால் ஆழக் குழியில் பக்கெட் அதில் தெரியாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கேமரா போடுங்கள், ஒன்றில் இரண்டையும் அடக்கப் பார்க்காதீர்கள்.

பக்கெட்டுக்குப் பக்கத்தில், ஆர்மிலேயே கேமராவை மாட்டலாமே என்று கேட்பார்கள். மாட்டலாம், ஒரு லோடுக்குள் மண்ணுக்கு அடியில் போய்விடும். அதுவுமில்லாமல், அது ஆபரேட்டர் பார்வையே இல்லை.

பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிறது

தலைக் கேமராவின் குணம் இது. நாம் ஒரு நிமிடத்தில் பத்து தடவை பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறோம், டிப்பர் டிரைவரைப் பார்க்கிறோம், கீழே நிற்கும் ஹெல்பரைப் பார்க்கிறோம். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வீடியோவுக்காகக் கண்ணாடி பார்ப்பதைக் குறைத்தால் உயிர் போகும் வேலை. வழக்கம் போலப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்த இடங்களில் நெஞ்சுக் கேமரா படத்தையோ சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்ததையோ ஒட்டுங்கள்.

வெளியே வெள்ளையாகப் பொரிந்துபோகிறது, உள்ளே எல்லாம் கறுப்பு

கேபின் இருட்டு, வெளியே வெயில். கேமரா இரண்டையும் சராசரி பார்த்து இரண்டையும் கெடுக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரை அல்லது ஒரு புள்ளி குறைத்து வையுங்கள். கேபின் இன்னும் இருட்டினால் பரவாயில்லை. மண்ணின் நிறம் தெரிய வேண்டும். செம்மண் முடிந்து சுக்கான் கல் தொடங்குவதும், சுக்கானுக்கு அடியில் பாறை முகம் காட்டுவதும் நிறத்தில்தான் தெரியும். ஆபரேட்டர் அதைப் பார்த்துத்தான் கை அழுத்தத்தை மாற்றுகிறார்.

சூரியன் பக்கம் திரும்பும்போது இருண்டு, நிழல் பக்கம் திரும்பும்போது பளீரென்று மாறிக்கொண்டே இருந்தால், பக்கெட் விழும் இடத்து மண்ணைப் பார்த்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். மேகம் வந்து போனால் மறுபடி பூட்ட வேண்டும்.

படம் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கிறது

முன் கண்ணாடியில் உங்கள் சட்டைதான் தெரிகிறது. வெள்ளைச் சட்டையும், பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட்டும் கண்ணாடியில் விழுந்து படத்தின் மேல் ஒரு திரை போடும். கீழே இறங்கும்போது ஜாக்கெட் கட்டாயம். கேபினுக்குள் எடுக்கும்போது மேலே ஒரு கரும் சட்டை போட்டுக்கொள்ளலாம். டாஷ்போர்டில் கிடக்கும் பேப்பர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் இந்தப் பிரதிபலிப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் பதப்படுத்திய கண்ணாடி வழியாக அதைப் போட்டு எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பூப்பூவாகக் கறை தெரியும். கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் அப்படித் தெரிகிறது, அழுக்கு இல்லை. துடைத்துத் துடைத்துக் கையை ஓயவிடாதீர்கள், ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

மென்மண் வேலையில் ஹிட்டாச்சியின் முன் கண்ணாடியை மேலே தூக்கிக் கூரையில் மாட்டிவிட்டு எடுத்தால் படம் கண்ணாடியாக இருக்கும். பிரேக்கர் ஓடும்போது ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். சில்லு நேராக முகத்துக்கு வரும்.

லென்ஸில் வண்டல் தூசி படிந்திருந்தால் முதலில் ஊதுங்கள், அப்புறம் துடையுங்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அப்படியே தேய்த்தால் அதில் இருக்கும் மணல் லென்ஸில் கோடு போடும். என் முதல் கேமராவின் லென்ஸ் அப்படித்தான் போனது.

பத்து நிமிடத்தில் கேமரா தானாக அணைந்துவிடுகிறது

சித்திரை வெயிலில் கண்ணாடிக் கேபினுக்குள் இருக்கும் சூட்டுக்கு இது எதிர்பார்க்க வேண்டியதுதான். 4கே-யில் நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கிறீர்கள் என்றால் 30-க்கு இறக்குங்கள். வைஃபை, ஜி.பி.எஸ்., பின்பக்கத் திரை எல்லாவற்றையும் அணையுங்கள். ஏசி இருந்தால் ஒரு காற்றுத் துளையைக் கேமரா பக்கம் திருப்புங்கள். வெயிலில் கொதித்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரிகளுக்குப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது.

சூடு இல்லாமலே அணைகிறது என்றால் கரண்ட் வரும் வழியைப் பாருங்கள். வண்டியின் சாக்கெட்டில் சார்ஜர் மாட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஜேசிபி பெரும்பாலும் 12 வோல்ட். ஹிட்டாச்சியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஓடுகிறது. காருக்கு வாங்கிய 12 வோல்ட் சார்ஜரை அதில் சொருகினால் சார்ஜர் போகும், சில நேரம் கேமராவையும் கூட்டிக்கொண்டு போகும். சார்ஜர் மேல் 12–24 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் மட்டும் சொருகுங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் விழுந்து கேமரா அணைவதும் உண்டு. பவர் பேங்க் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு கவலையும் இல்லை.

ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை

ஒரு கிணற்று வேலையில் நாலாவது நாள். அறுபது அடியில் பாறை இடுக்கில் பக்கெட் பல் மாட்டியது, லேசாக நெம்பினேன். பல்லின் நுனியில் மண் நிறம் கறுத்தது, அடுத்த மூச்சில் அந்த இடுக்கிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. மேலே நின்ற தோட்டத்துச் சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் சந்தோஷத்தில் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டுக் கீழே குதித்தேன். கேமராவுக்குக் கரண்ட் வண்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன், சூடு குறையட்டும் என்று. அந்த ஃபைல் திறக்கவே இல்லை.

எம்.பி.4 ஃபைலில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா கடைசியில்தான் எழுதும். பதிவை நிறுத்தும் முன் கரண்ட் போனால் படம் எல்லாம் கார்டில் கிடக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. அப்படி ஆனால் அந்த கார்டில் இன்னொரு நொடிகூடப் பதிவு செய்யாதீர்கள். கார்டை அதே கேமராவில் போட்டு ஆன் செய்யுங்கள், பல கேமராக்கள் தாமாகவே சரிசெய்யப் பார்க்கும். முடியாவிட்டால், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து உடைந்ததைச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. மறுநாள் அதே கார்டில் வேலையைப் பதிவு செய்துவிட்டேன்.

இப்போது என் வரிசை இதுதான்: பக்கெட் தரையில், லாக் லீவர், கேமரா நிறுத்தம், சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது, அதன் பிறகுதான் சாவி.

கார்டு, எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 குறி போட்டதாக இருக்கட்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. கார்டு இரண்டே முக்கால் மணி நேரத்தில் நிறையும். சாப்பாட்டு நேரத்தில் கார்டு மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஃபைல் 4 ஜி.பி. துண்டுகளாக உடைந்திருந்தால் பயப்படாதீர்கள், அது கோளாறு இல்லை. 32 ஜி.பி.யும் அதற்குக் கீழும் உள்ள கார்டுகளின் அமைப்பே அப்படி. எடிட்டில் அடுத்தடுத்து வைத்தால் சேர்ந்துவிடும்.

காலையில் பதிவைத் தொடங்கும்போது வண்டி ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரை ஐந்து நொடி காட்டிவிடுங்கள், முடிக்கும்போதும் அதே மாதிரி. கேமரா கடிகாரத்தையும் சரியாக வையுங்கள். மணிக்கணக்கில் வாடகை பேசும் தொழிலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

எஞ்சின் இரைச்சல்தான் கேட்கிறது, குரல் கேட்கவில்லை

கேமரா மைக் கேபின் இரும்போடு ஒட்டியிருக்கிறது, இரைச்சலை இரும்பு வழியாகவே வாங்கிக்கொள்ளும். சட்டைக்கு உள்பக்கம், நெஞ்செலும்பு அருகில் ஒரு காலர் மைக் போட்டுப் பாருங்கள். துணியே காற்றைத் தடுக்கும். எடிட் செய்யும்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.-மில் ஓடும்போது அதன் அடி ஒலி நொடிக்கு 67 துடிப்பு அளவில்தான் இருக்கும். வெட்டினால் அந்த முனகல் போகும், பேச்சு தங்கும்.

ஆனால் எஞ்சின் சத்தத்தை முழுதாகத் துடைத்துவிட்டுப் பாட்டு போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நாங்கள் பாதி வேலையைக் காதால் செய்கிறோம். பல் மண்ணில் போகும்போது ஒரு சத்தம், கல்லில் உரசும்போது கிறீச்சென்று வேறு சத்தம். லோடு தாங்காமல் ரிலீஃப் வால்வு திறக்கும்போது ஹைட்ராலிக் ஒரு மாதிரி கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டதும் கையைத் தளர்த்த வேண்டும் என்று பழக வருபவருக்குத் தெரிய வேண்டுமென்றால் அது வீடியோவில் இருந்தாக வேண்டும். பேச்சைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்து சேர்த்தாலும் தப்பில்லை, சத்தத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

டைம்லாப்ஸில் பக்கெட் தத்தித் தத்திப் போகிறது

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி அதிகம். ஒரு லோடு அள்ளித் திரும்பிக் கொட்டிவிட்டு வர ஏறக்குறைய இருபது நொடி ஆகிறது. இரண்டு நொடிக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு சுற்றுக்குப் பத்தே படம், வீடியோவில் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கில் முடிந்துவிடும். அரை நொடி இடைவெளி வையுங்கள். நாள் முழுக்கக் குழி ஆழமாவதைக் காட்ட வேண்டுமென்றால் கேமராவை வண்டியிலிருந்து எடுத்துக் கரையில் ஒரு முக்காலியில் வைத்து, முப்பது நொடிக்கு ஒன்று எடுங்கள்.

கேமரா கழன்று விழுந்தது

விழுந்த இடம் எது என்பதுதான் முக்கியம். வண்டியை நகர்த்தும் டிராவல் பெடலுக்கு அடியில் விழுந்தால் பெடல் முழுதாக அமுங்காது, அல்லது அமுங்கியது எழாது. கிணற்று ஓரத்தில் வண்டி நிற்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கேமராவுக்கும் மவுண்டைத் தவிர இன்னொரு கயிறு கட்டுங்கள், தரையை எட்டாத நீளத்தில். சார்ஜர் ஒயரையும் லீவர் பக்கம் தொங்கவிடாமல் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். உட்கார்ந்து இரண்டு லீவரையும் நாலு பக்கமும் முழுக்கத் தள்ளிப் பாருங்கள், லாக் போட்டபடியே. கை எதிலும் இடிக்கவில்லை, கண்ணாடி எதையும் கேமரா மறைக்கவில்லை என்றால் லாக்கை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.